பூடில் முடிவெட்டும் மிஷின்: நம்பர் பெருசானால் முடி சிறுசு

போன வருஷம் சித்திரையில் எங்கள் வீட்டு டாய் பூடில் சுருளிக்கு முதல்முறையாக நானே முடி வெட்டினேன். அன்று சாயங்காலம் அவன் வயிற்றை நக்க ஆரம்பித்தான். விடவே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், அடிவயிற்றிலிருந்து தொடை இடுக்கு வரை தோல் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. ரத்தம் இல்லை, கீறல் இல்லை. மறுநாள் காலை பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதற்கும் இருக்கட்டும் என்று மிஷினையும் பையில் போட்டுக்கொண்டேன். அவர் நாயைவிட மிஷினைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிளேடைக் கழற்றித் திருப்பி, அதில் பொறித்திருந்த நம்பரைக் காட்டினார். 40.

"சார், ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க ஷேவ் பண்றதுக்கு வெச்சிருக்கிற பிளேடு இது. வீட்டுக்கு எதுக்கு வாங்குனீங்க?"

எதுக்கு வாங்கினேன் என்றால், சலூன் கணக்குப் போட்டு வாங்கினேன். சலூனில் ஒன்றாம் நம்பர் சீப்பு போட்டால் முடி 3 மில்லிமீட்டர் நிற்கும், இரண்டு போட்டால் 6, நான்கு போட்டால் 12-13. ஒவ்வொரு நம்பருக்கும் அரைக்கால் அங்குலம் கூடும். "ஜீரோ மிஷின்" என்றால் மொட்டைக்குப் பக்கம். ஆகவே நம்பர் பெருசாக இருந்தால் முடி நீளமாக நிற்கும், பத்திரம் என்று நினைத்தேன். நாய் பிளேடில் கணக்கு அப்படியே தலைகீழ். உப்புத்தாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 80-ஐவிட 220 எப்படி நைசோ, அப்படி 10-ஐவிட 40 நைசு. வயர் கேஜும் இதே தலைகீழ்தான். இத்தனை வருஷம் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்கு இது தோன்றவில்லை.

மருந்து போட்டு ஒரு வாரத்தில் தோல் ஆறிவிட்டது. அந்த ஒரு வாரம் சுருளி என்னைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அந்த வாரத்தில் உட்கார்ந்து படித்ததும், அதற்குப் பிறகு கைப்பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் குறிப்பு.

முதலில், பூடிலுக்கு ஏன் இந்த அவஸ்தை? நம்மூர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எதற்கும் மிஷின் வேண்டாம். முடி ஓர் அளவு வளர்ந்து, நின்று, உதிர்ந்துவிடும். பூடில் முடி கிட்டத்தட்ட நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். 2009-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் பார்த்தார்கள். நாய் ரோமத்தில் நாம் காணும் வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மூன்று மரபணுக்களின் சேர்க்கையால் விளக்கிவிடலாம் என்று தெரிந்தது. முடியின் நீளத்துக்கு எஃப்ஜிஎஃப்5, சுருளுக்கு கேஆர்டி71, மீசை-புருவம் மாதிரி முகத்தில் வளர்வதற்கு ஆர்எஸ்பிஓ2. பூடிலுக்கு மூன்றிலுமே மாறிய வடிவம் இருக்கிறது. நீளமும் உண்டு, சுருளும் உண்டு, முகத்திலும் உண்டு.

"பூடில் முடி கொட்டாது" என்று விற்கிறவர்கள் சொல்வது பாதி உண்மை. கொட்டும். ஆனால் கீழே விழாது, பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொள்ளும். மாட்டியது சிக்காகும், சிக்கு நனைந்து காய்ந்தால் கம்பளி மாதிரி இறுகும். குட்டி முடி போய்ப் பெரிய முடி வருகிற சமயத்தில், அதாவது ஒரு வயதை ஒட்டி, இது உச்சத்தில் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் மறைமலை நகரில் துணியே இரண்டு நாளைக்குக் காயாது, நாய் எங்கே காயும்? இன்னொன்று உண்ணி. இந்தச் சிக்குக்கு அடியில் உண்ணி உட்கார்ந்தால் வெளியே தெரியவே தெரியாது. நம்மூர்ப் பழுப்பு நாயுண்ணி எர்லிக்கியா கிருமியைப் பரப்பக்கூடியது. "டிக் ஃபீவர்" வந்த நாய் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். ஆக, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடி குறைப்பது அலங்காரத்துக்காக அல்ல.

(இடையில் ஒரு வார்த்தை: பக்கத்து வீட்டில் பொமரேனியன் இருந்து, "எங்க நாய்க்கும் கொஞ்சம் ஓட்டி விடுங்களேன்" என்று கேட்டால் செய்யாதீர்கள். அந்த வகை இரட்டை ரோம நாய்களுக்கு முடி பெரும்பாலும் வளர்ச்சி நின்ற ஓய்வு நிலையிலேயே இருக்கும். ஒட்ட வெட்டினால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் திரும்ப வளராது. பூடிலுக்கு அந்தக் கவலை இல்லை. நான் எத்தனை அசிங்கமாக வெட்டினாலும் ஆறு வாரத்தில் மூடிவிடும்.)

சரி, நம்பருக்கு வருவோம். தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது நாலைந்துதான். 10-ஆம் நம்பர் சுமார் 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். இது வீசம் அங்குலம், தாத்தா காலத்து வாய்ப்பாட்டில் மாகாணி. 15 விடுவது 1.2. 30 விடுவது அரை மில்லிமீட்டர். 40 விடுவது கால் மில்லிமீட்டர், அதாவது ஒன்றும் இல்லை. மறுபக்கம் போனால் 7 என்பது 3.2 மில்லிமீட்டர், 5 என்பது 6.3, 4 என்பது 9.5, 3 என்பது 13. இந்த அளவு எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் நம்பர் மறக்காது. பிளேடு என்பது ஒரு தகடு அல்ல, இரண்டு. அடித்தகடு அசையாமல் தோல்மேல் உட்காரும், மேல்தகடு அதன்மேல் பக்கவாட்டில் ஓடி வெட்டும். அடித்தகடு எவ்வளவு தடிமனோ அந்த அளவு முடி தோலில் மிஞ்சும். 40-இல் அந்தத் தகட்டின் பல் காகிதம் மாதிரி மெலிசு. அதை வயிற்றின்மேல் அழுத்தி, முடி வளரும் திசைக்கு எதிராக நாலைந்து தடவை ஓட்டினால் என்ன ஆகும்? சுருளிக்கு ஆனது ஆகும்.

திசையும் முக்கியம். எந்த பிளேடாக இருந்தாலும் எதிர்த்திசையில் ஓட்டினால் இன்னும் ஒட்ட வெட்டும். முதுகுக்கு வளரும் திசையிலேயே ஓட்டுவது நல்லது. முகத்துக்கு மட்டும் பழக்கம் வேறு: காது ஓரத்திலிருந்து கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி, எதிர்த்திசையில் வெட்டுவார்கள். அதனால்தான் முகத்துக்கு முதல் தடவை 10-க்கு மேல் போகக் கூடாது என்கிறேன். கடையில் 15, 30 போட்டு வழவழவென்று ஆக்குவார்கள். அந்தத் தோல் பழகிய தோல், அந்தக் கை பழகிய கை.

இன்னொரு எழுத்து விஷயம். 7 என்று ஒன்று இருக்கும், 7எஃப் என்று ஒன்று இருக்கும். நீளம் ஒன்றுதான், பல் வேறு. எஃப் இருந்தால் எல்லாப் பல்லும் ஒரே நீளம். எஃப் இல்லாத 7, 5, 4, 3 ஆகியவற்றில் ஒரு பல் நீளம், ஒரு பல் குட்டை என்று மாறி மாறி இருக்கும். அடர்ந்த முடிக்குள் சுலபமாக நுழையத்தான் அந்த அமைப்பு. ஆனால் நுழைகிற அந்த இடைவெளியில் தோல் மடிப்பும் நுழையும். அக்குள், பின்தொடைக்கு முன்னால் தொங்கும் மெல்லிய தோல், பின்கால் முட்டிக்கு மேல் இருக்கும் நரம்பு, காது ஓரம், முலைக்காம்பு எல்லாம் அதற்குச் சரியாக அகப்படுகிற இடங்கள். வீட்டுக்கு எஃப் இல்லாத பிளேடு வேண்டவே வேண்டாம். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது ஐநூறு கம்மி" என்பார். சிரித்துவிட்டு எஃப் வாங்குங்கள்.

இப்போது மிஷின். இங்கே பலரும் மிஷினைத் தேர்ந்தெடுத்துவிட்டு பிளேடுக்கு வருகிறார்கள். நான் சொல்வது தலைகீழ்: முதலில் எந்த பிளேடு குடும்பம் என்று முடிவு செய்யுங்கள். இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று ஏ5 எனப்படுவது. பிளேடு தனியாகக் கழன்று வரும், கிளிக்கென்று மாட்டும். ஆண்டிஸ், ஆஸ்டர், வால் (கம்பெனி பெயர், நாயின் வால் இல்லை) மூன்றின் ஏ5 பிளேடுகளும் ஒன்றுக்கொன்று மாறி மாட்டும். மிஷின் போனாலும் பிளேடு உங்களோடு இருக்கும். இன்னொன்று 'ஐந்தில் ஒன்று' வகை. வால் பிராவுரா, ஆர்கோ போன்ற சின்ன கார்ட்லெஸ் மிஷின்களில் வருவது. ஒரே பிளேடு, பக்கத்தில் ஒரு குமிழ், அதைத் தள்ளினால் 9, 10, 15, 30, 40 என்று மாறும். ஏ5 பிளேடு இதில் மாட்டாது, இது அதில் மாட்டாது.

இதிலும் ஒரு சூட்சுமம். அந்தக் குமிழில் 40 என்று எழுதியிருக்கும் இடம் விடுவது சுமார் 0.7 மில்லிமீட்டர். ஏ5-இல் 40 என்றால் 0.25. பேர் ஒன்று, ஊர் வேறு. ஆகவே இணையத்தில் யாராவது "நான் பாதத்துக்கு 40 போடுகிறேன், ஒன்றும் ஆவதில்லை" என்று சொன்னால், எந்த மிஷினில் என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

டாய் பூடில் மட்டும்தான், சிக்கு விடாமல் தினமும் சீவுகிறவர் என்றால் அந்தச் சின்ன மிஷினே போதும். லேசு, சத்தம் குறைவு, கரண்ட் போனாலும் ஓடும். முகம், பாதம், மலவாய்ப் பக்கம் எல்லாவற்றுக்கும் அருமை. மினியேச்சரோ ஸ்டாண்டர்டோ வைத்திருந்து உடம்பு முழுக்க ஓட்ட வேண்டும் என்றால் ஏ5 தவிர வழியில்லை. ஆணுக்கான தாடி ட்ரிம்மர்? நானும் முயன்றேன். நாய்க்கு ஒரே துளையிலிருந்து ஒரு கொத்து முடி வரும். அந்த அடர்த்தியில் ட்ரிம்மர் திணறி, வெட்டாமல் இழுக்கும். இழுத்தால் நாய் குதிக்கும். குதித்தால் வெட்டு விழும்.

அமெரிக்காவிலிருந்து வரும் மிஷினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். என் அத்தை மகனும் வரும்போது ஒன்று வாங்கி வந்தான். பெட்டியில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் புகைதான். சரி என்று 110 வோல்ட் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். மிஷின் ஓடியது, ஆனால் கரகரவென்று குரல் உடைந்து, ஐந்து நிமிடத்தில் கை சுட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அந்த மிஷின் காந்த மோட்டார் வகை: உள்ளே சுற்றுவது எதுவும் இல்லை, ஒரு மின்காந்தம் ஒரு ஸ்பிரிங் கையை இழுத்து இழுத்து விடும். மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு இரண்டு இழுப்பு. 60 ஹெர்ட்ஸில் நொடிக்கு 120, நிமிடத்துக்கு 7,200. நம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 6,000. ஸ்பிரிங்கோ 7,200-க்கு சுருதி சேர்த்தது. தாளம் தப்பியதால்தான் அந்தக் கரகரப்பு. சூட்டுக்குக் காரணம் வேறு. காந்தம் எவ்வளவு முறுக்கேறும் என்பது வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வருவதைப் பொறுத்தது. அங்கே 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. இங்கே 110-ஐ 50-ஆல் வகுத்தால் 2.2. பத்து சதவீதம் கூடுதல் காந்தப் பாய்வு. இரும்பு அதைத் தாங்காத இடத்துக்குப் போனால் மின்னோட்டம் எகிறும், சூடாகும்.

எனவே வெளிநாட்டிலிருந்து வரச் சொல்வதானால் பேட்டரி வகையைச் சொல்லுங்கள். அடாப்டரில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தால் போதும். வயர் வைத்த காந்த மோட்டார் வேண்டவே வேண்டாம். ஏ5 பிளேடுகளை மட்டும் தாராளமாகக் கொண்டுவரச் சொல்லலாம், அதற்கு வோல்டேஜ் கிடையாது.

வேகம் எவ்வளவு வேண்டும்? உதாரணத்துக்கு ஆண்டிஸின் இரட்டை வேக ஏஜிசி மாடல் நிமிடத்துக்கு 3,400, 4,400 என்று இரண்டு வேகம் தருகிறது. 4,400 என்றால் நொடிக்கு 73 வெட்டு. கையை நொடிக்கு 5 சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒவ்வொரு வெட்டுக்கும் 0.7 மில்லிமீட்டர் முன்னேறுகிறோம். 3,400-இல் 0.9. அதாவது குறைந்த வேகத்தில் கையைக் கொஞ்சம் மெதுவாக நகர்த்தினால் அதே சுத்தம் கிடைக்கும், சத்தமும் சூடும் குறையும். முகத்துக்கும் பயந்த நாய்க்கும் குறைந்த வேகமே மேல். பத்தாயிரம் வேகம் என்று விளம்பரம் செய்யும் மிஷினைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சூடுதான் 40-க்கு அடுத்த வில்லன். இரண்டு தகடும் உரசிக்கொண்டே இருப்பதால் பத்து நிமிடத்தில் பிளேடு நன்றாகச் சுடும். கையில் பிடிக்கிற உங்களுக்குத் தெரியாது, வயிற்றில் வாங்குகிற அதற்குத் தெரியும். கொரோனா காலத்தில் வாங்கிய ஐஆர் தெர்மாமீட்டரால் அளந்து பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றலாம், எனக்குத் தோன்றியது. பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி உண்மைச் சூட்டைவிடக் குறைத்தே காட்டும். உங்கள் மணிக்கட்டின் உட்பக்கம்தான் சரியான கருவி. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள். சுட்டால் பிளேடைக் கழற்றிச் சமையலறைக் கடப்பா கல் மேடைமேல் கவிழ்த்துவிட்டு இன்னொன்றை மாட்டுங்கள். கல் ஒரு நிமிடத்தில் சூட்டை உறிஞ்சிவிடும். இதற்காகத்தான் 10-ஆம் நம்பர் பிளேடு மட்டும் இரண்டு வைத்திருக்கிறேன். செராமிக் பிளேடு சூடு குறைவு, அந்தத் தகடு துருவும் பிடிக்காது. ஆனால் மொசைக் தரையில் ஒருமுறை விழுந்தால் பல் போச்சு. என்னிடம் ஒன்று இருந்தது. இப்போது இல்லை.

எண்ணெய்: ஓட்டுவதற்கு முன் பல்லின்மேல் இரண்டு மூன்று சொட்டு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டு, பிறகு துடைத்துவிட வேண்டும். கிளிப்பர் எண்ணெய் என்று விற்பது மெலிசான மினரல் ஆயில்தான். "தேங்காய் எண்ணெய் விடுங்க, நாய் நக்கினாலும் ஒண்ணும் ஆகாது" என்று அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நாளாக நாளாக அது பிசுபிசுத்து, முடித்தூளோடு சேர்ந்து பல் இடுக்கில் இறுகிவிடுகிறது. வேலை முடிந்ததும் பிளேடைப் பிரஷ்ஷால் தட்டி, எண்ணெய் விட்டு, மூடிய டப்பாவில் போடுங்கள். நம் காற்றின் ஈரத்தில் குளியலறை அலமாரியில் வைத்த பிளேடு இரண்டே வாரத்தில் துருப்பிடித்தது.

சாணை பிடிக்கிற விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். முனை மழுங்கிய 10-ஐத் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். "இதுல என்ன சார் இருக்கு, அஞ்சு நிமிஷம்" என்றார். அஞ்சு நிமிஷத்தில் கத்தி மாதிரி பளபளவென்று வந்தது. வெட்டவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்தத் தகடுகளின் முகம் முழுத் தட்டை இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நடுவில் குழிவு இருக்கும். அப்போதுதான் இரண்டு தகடும் பல் முனையிலும் பின்னாலும் மட்டும் தொட்டு, கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். அதைச் சுழலும் தட்டில் அரைப்புத்தூள் போட்டுத் தேய்ப்பவர்களால்தான் சரிசெய்ய முடியும். தெருவில் வரும் சக்கரம் அந்தக் குழிவைக் கொன்றுவிடும். அவர்மேல் தப்பில்லை, அருவாளுக்கு அவர்தான் ராஜா.

பிளேடு மழுங்குவதற்குப் பெரிய காரணம் அழுக்கு. முடிக்குள் இருக்கும் மணல் பல்லைத் தின்னும். எனவே வரிசை இதுதான்: முதலில் சிக்கெடுங்கள், பிறகு குளிப்பாட்டுங்கள், பொட்டு ஈரம் இல்லாமல் காயவையுங்கள், மறுபடி சீவுங்கள், அதற்குப் பிறகே மிஷின். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் சிக்கு இறுகும். இறுகிய சிக்கை வெட்ட அதற்கடியில் 10-தான் நுழையும், 7எஃப் நுழையாது. அதனால் உடம்பு முழுக்கச் சிக்கு உள்ள நாயை ஒரே வழியாக ஒட்ட வெட்ட வேண்டிவரும். தோலோடு ஒட்டிய சிக்கென்றால் வீட்டில் தொடவே வேண்டாம். அடியில் தோல் எந்த நிலையில் இருக்கிறது என்று வெட்டும்வரை தெரியாது.

முதல் முறையாக வாங்குகிறவருக்கு என் கணக்கு: ஒரு ஏ5 மிஷின், 10 இரண்டு, 7எஃப் அல்லது 5எஃப் ஒன்று. பட்ஜெட் இருந்தால் 30 ஒன்று, வெட்டுவதற்காக அல்ல, அதன்மேல் மாட்டும் எவர்சில்வர் சீப்புகளுக்காக. சீப்பு மாட்டினால் ஓர் அங்குலம் வரைகூட முடி விட்டு வெட்டலாம், அந்தப் பொம்மை மாதிரி தோற்றம் அதில்தான் வரும். முடி முழுசாகச் சிக்கெடுத்துப் பஞ்சு மாதிரி நின்றால் மட்டுமே சீப்பு ஓடும். மிச்சப் பணத்தில் நல்ல இரும்புச் சீப்பும் கம்பிப் பிரஷ்ஷும். எனக்கு இந்த மொத்தச் செலவும் தாம்பரம் கடைக்கு ஏழெட்டுத் தடவை போன காசுக்குள் அடங்கியது. பெருங்களத்தூர் நெரிசலில் காரில் அவன் வாந்தி எடுத்த கணக்கைச் சேர்க்கவில்லை.

சுருளியைத் திரும்ப மிஷினுக்குப் பழக்க ஒரு மாதம் ஆனது. முதல் வாரம் மிஷினை அணைத்தபடி தரையில் வைத்து, பக்கத்தில் தயிர் சாதம். அடுத்த வாரம் பக்கத்து அறையில் ஓடவிட்டுத் தயிர் சாதம். பிறகு பிளேடு இல்லாத பின்பக்கத்தை, ஓடும்போதே முதுகில் வைத்துத் தயிர் சாதம். இப்போது 10 போட்டு வயிறு வெட்டும்போது தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, பிளேடைத் தட்டையாகப் படுக்கவைத்து, ஒரே ஓட்டு. திரும்ப அதே இடத்தில் ஓட்டுவதில்லை. காது ஓரத்துக்கும் பின்கால் நரம்புப் பக்கத்துக்கும் மழுங்கு முனைக் கத்தரிதான். அந்த 40-ஐ மருத்துவரிடமே கொடுத்துவிட்டேன். போன மாதம் தடுப்பூசிக்குப் போனபோது அவர் மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.